அண்ணாச்சி தராத மாத்திரை

மெடிக்கல் அண்ணாச்சி போய்விட்டார். இன்றைக்குக் காலையில்... ஹார்ட் அட்டாக்.

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மருந்துக்கடை வைத்திருந்தவர். சொந்தப் பேரைச் சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது.

எனக்கு ஒத்தைத் தலைவலி. சீசன் வந்தால் தினமும் மத்தியானம் ரெண்டு மணிக்கு, அலாரம் வைத்த மாதிரி வரும். இடது கண்ணுக்குள் கம்பியை விட்டுக் கிண்டுவது போல... சுவரில் முட்டிக்கொள்வேன். பல்லால்தான் வலி என்று ரெண்டு கடவாய்ப் பல்லைப் பிடுங்கியும் ஆச்சு.

மாத்திரை அண்ணாச்சி கடையில்தான். ஒருநாள் எடுத்த அட்டையைத் திரும்ப டப்பாவிலேயே போட்டுவிட்டார்.

"ஒரு கண்ணு மட்டும் செவந்து தண்ணியா ஊத்துது. இது சாதா தலவலி இல்ல தம்பி. மதுரைக்குப் போயி நரம்பு டாக்டரப் பாரு."

"மாத்திர போட்டா ஒரு மணி நேரத்துல விட்டுருதே அண்ணாச்சி."

"போடாட்டியும் விட்டுரும். போட்டுக்கிட்டே இருந்தா கிட்னிதான் போகும்."

"டாக்டருக்குப் படிச்சிருக்கீகளோ?" என்று நாலு பேர் முன்னாடி கத்திவிட்டு அடுத்த கடைக்குப் போனேன். இல்லை என்றார்கள். அதற்கடுத்த கடையிலும் இல்லை. எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லியிருக்கிறார் மனுஷன்!

மதுரையில் கிளஸ்டர் தலைவலி என்றார்கள். அபூர்வமாம். நெர்வ் பிளாக் என்று பின்மண்டையில் ஒரு ஊசி. வலி கண்ணில், ஊசி பிடரியில்... எனக்கு நம்பிக்கையே இல்லை.

நாலாம் நாள் ரெண்டு மணி ஆச்சு. வலி வரவில்லை. பயத்தில் மூணு மணி வரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

கடைக்குப் போய்ச் சொன்னேன். "நல்லது தம்பி, இனிமே இந்தப் பக்கம் வராத" என்று சிரித்தார். கத்தியதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

ஊசி நிரந்தரமில்லை. சில மாதம் தாங்கும், அப்புறம் மறுபடி மதுரை. இன்றைக்கும் போட்டுக்கொண்டு பஸ் ஏறும்போதுதான் போன் வந்தது. நாளை வரை தலையில் தண்ணீர் படக்கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தார்.

சாவு வீட்டுக்குக் கேதம் கேட்கப் போனால் தலைக்கு ஊற்றாமல் வீட்டுக்குள் நுழைய முடியாது. "ஊசி போட்ட மண்டையோட போகாதடா, நாளைக்குப் போயி கேட்டுக்கலாம்" என்றாள் அம்மா.

போய் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். இப்போது பாலவனத்தத்தில் எங்கள் வீட்டுக்கு வெளியே, பைக்கில் உட்கார்ந்து போனில் இந்தப் போஸ்டை டைப் பண்ணுகிறேன். அம்மா தட்டில் சோற்றை வெளியே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறாள். அலுப்பாக இருக்கிறது.

நாலு பேர் முன்னாடிதானே கத்தினேன்... நாலு பேர் முன்னாடியே சொல்கிறேன்.

மன்னிச்சிருங்க அண்ணாச்சி.