ஒன்பது வரியில் ஒரு நாடு

அரசு அலுவலக மேசையில் அவர் தாம் எழுதிய தாளைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, வரிகளை விரலால் எண்ணுகிறார். பதினொன்று. முகம் கோணுகிறது. இரண்டை வெட்டியாக வேண்டும். வெளிநாடு போகிற அமைச்சருக்கு அந்த நாட்டு வழக்கங்களைச் சொல்லும் குறிப்பு ஒன்பது வரியைத் தாண்டக் கூடாது என்பது அவர் தமக்குத் தாமே போட்டுக்கொண்ட சட்டம். "கார்ல இருந்து இறங்கி விமானத்துல ஏறுற வரைக்கும் ஒன்பது வரி போகும். பத்தாவது வரியைப் படிச்ச மந்திரி இன்னும் பொறக்கல."

கோப்பையைக் காலி செய்ய வேண்டாம், செய்தால் மறுபடி ஊற்றுவார்கள். மூத்தவர் உட்காரும் முன் உட்கார வேண்டாம். வீட்டைப் புகழலாம், குழந்தையைப் புகழக் கூடாது. இப்படி நாற்பத்துச் சொச்சம் நாடுகள் அவருடைய இரும்பு அலமாரியில் அகர வரிசையில் அடங்கியிருக்கின்றன. அவரிடம் பாஸ்போர்ட் கிடையாது. ஆகவே அலுவலகத்தில் அவருக்குப் பெயர் 'உலகம்'. "உலகம் இன்னைக்கு லீவாம்" என்று ஒருவர் சொல்ல, "அப்ப பூமியை யாருய்யா சுத்துறது?" என்று இன்னொருவர் கேட்பார். இவர் கேட்டுக்கொண்டிருப்பாரே தவிர, கோபப்பட மாட்டார். பெயர் சொல்லிக் கூப்பிடவாவது நாலு பேர் இருக்கிறார்களே.

எதிர் மேசை டைப்பிஸ்ட் அம்மாவுக்கும் அவருக்கும் பதினாறு வருஷமாக ஒரே வழக்கு.

"ஏன் சார், தலைவருக்குச் சொந்த ஊர்ல எந்தக் குழாய்ல தண்ணி வரலன்னு தெரிஞ்சா போதாதா? அடுத்தவன் கோப்பையில எவ்வளவு மிச்சம் வைக்கணும்னு எதுக்குத் தெரியணும்?"

"அந்தத் தண்ணியே அடுத்த நாட்டு ஆத்துல இருந்துதான்மா வருது. அங்க கோப்பையில தப்பு பண்ணா இங்க குழாய்ல காத்துதான் வரும்."

வாதத்தில் அவர் ஜெயித்துவிடுகிறார் என்றுதான் தோன்றும். ஆனால் தமக்கு எதிரான சாட்சியையும் அவரே கூப்பிட்டு நிறுத்துவார். ஓர் அமைச்சர் ஒன்பது வரியையும் மனப்பாடம் செய்துகொண்டு போனார். எங்கே குனிய வேண்டுமோ அங்கே குனிந்தார். விருந்து முழுக்க அந்த நாட்டு வழக்கங்களை அந்த நாட்டவருக்கே விளக்கினார். வந்த காரியத்தைக் கேட்க மறந்துவிட்டுத் திரும்பினார். அவருக்கு அடுத்து வந்த அமைச்சரோ குறிப்பை மூக்குக்கண்ணாடி துடைக்கப் பயன்படுத்தினார். தொட்டுப் பேசுவதே குற்றமான ஊரில், அதிபரின் தொண்ணூறு வயது அப்பாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். கிழவர் அழுதுவிட்டார். மறுநாளே ஒப்பந்தம் கையெழுத்தானது.

"அப்புறம் என்ன சார், உங்க தாளு?" என்பார் டைப்பிஸ்ட் அம்மா.

"அது விபத்தும்மா. விபத்தை நம்பி நாட்டை நடத்த முடியுமா?"

ஐந்து மணிக்கு அலுவலகம் காலியாகும். அவர் ஏழு வரை இருப்பார். வீட்டில் ரேடியோவைத் தவிர யாரும் எதுவும் பேசுவதில்லை, அதுவும் பதிலை எதிர்பார்ப்பதில்லை. மனைவி படுக்கையில் கிடந்த வருஷம் மகள் வெளிநாட்டில், அந்த ஊர்ப் பையனையே கல்யாணம் செய்துகொண்டாள். இவர் போக முடியவில்லை. மனைவி போன பிறகு போக மனம் வரவில்லை. மகள் ஒவ்வொரு முறையும் "இங்க வந்துடுங்கப்பா" என்பாள். "தனியா இருக்கறதுதாம்மா எனக்கு நிம்மதி" என்பார். ஆயிரம் தடவை சொன்ன பொய்யில் ஒரு வசதி உண்டு, யோசிக்காமலே வாயில் வரும். போனை வைத்துவிட்டு மகளுடைய புது நாட்டு மொழியை அகராதியோடு உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படிப்பார். பேசத்தான் ஆள் இல்லை.

போன மாதம் சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் சுற்றுலா வந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இவர் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. மகளுக்கு விடுமுறை கிடைக்கவில்லை.

"சாயங்காலம் வரைக்கும் இருப்பாங்களாம்மா?" என்று போனில் மூன்றாவது தடவையாகக் கேட்டார்.

"இருக்கச் சொல்லட்டுமாப்பா?"

"ஐயையோ, வேண்டாம். அவங்க வழக்கம் எனக்குத் தெரியாதா?"

அந்த நாட்டில் எழுந்துவிட்ட விருந்தாளியை இருங்கள் என்று வற்புறுத்துவது அவமரியாதை. எத்தனையோ பேருக்கு அவரே எழுதிக் கொடுத்த வரி அது. இருந்தாலும் பக்கத்து வீட்டில் இரண்டு நாற்காலி இரவல் வாங்கினார். ராத்திரிச் சாப்பாட்டுக்கும் சேர்த்துக் காய் வாங்கினார்.

வந்தார்கள். சம்பந்தி "வணக்கம்" என்றார். சம்பந்தியம்மா "நல்லா இருக்கீங்களா?" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, பரீட்சை எழுதிய பிள்ளைபோலக் கணவரைப் பார்த்தார். இவர் அவர்கள் மொழியில் ஒரு வாக்கியம் சொன்னார். உச்சரிப்பு சரியில்லை போலும், இருவரும் மிக அன்பாகத் தலையாட்டினார்கள். மகள் அனுப்பியிருந்த பேரன் படத்தைப் பார்த்தார்கள். குழந்தையை ஒருவரும் புகழவில்லை. மனைவியின் படத்தின் முன் சம்பந்தியம்மா நின்ற நேரம் கொஞ்சம் நீளமாகவே இருந்தது. மூவருக்கும் ஒரே சமயத்தில் சிரிப்பு வந்த ஒரு நிமிஷமும் இருந்தது, எதற்கென்று யாருக்கும் தெரியாது.

சரியாக ஒரு மணி நேரத்தில் சம்பந்தி கடிகாரத்தைப் பார்த்து எழுந்தார். அம்மாளும் எழுந்தார். சமையலறையில் காய் அப்படியே கிடந்தது. இவர் போய் வாசல் கதவைத் திறந்துவிட்டார். வழக்கம் தெரிந்த மனிதர் இல்லையா?

வாசலில் சம்பந்தி பெருமையோடு சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். மகள் கையெழுத்து. அவர்கள் மொழியில், மேலே 'அப்பா' என்று மட்டும் தமிழில். இவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். 'கை குலுக்க வேண்டாம், கும்பிடுங்கள். அம்மாவைப் பற்றி நீங்களாகக் கேட்க வேண்டாம். சந்தோஷமாக இருந்தால் முகத்தைப் பார்க்க மாட்டார்.' கடைசி வரிக்கு அடிக்கோடு போட்டிருந்தது: 'தனிமை விரும்பி. ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் சங்கடப்படுவார், வாய் விட்டுச் சொல்ல மாட்டார்.'

அந்த வரியை இரண்டாம் தடவை படித்தார். அகராதி தேவைப்படவில்லை.

சம்பந்தி குனிந்து ஒரு காலில் ஷூவை மாட்டி, லேசை இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டு அடுத்த காலுக்குப் போனார். நாற்பது நாட்டு மரியாதையும் தெரிந்த மனிதர் தரையில் உட்கார்ந்தார். கட்டி முடித்த அந்த லேசின் நுனியைப் பிடித்து, முடிச்சு அவிழும்படி இழுத்தார்.