மகள் வேலைக்குப் போயிருக்கிறாள்

அப்பாவுக்கு ஈரலில் புற்று என்று தெரிந்ததும், பாளையங்கோட்டையில் நான் வேலை பார்க்கும் ஆடிட்டர் அண்ணாச்சியிடம் போய் நின்றேன். வீட்டிலிருந்தே வேலை செய்ய விடுங்கள், இல்லையென்றால் ஆளை விடுங்கள் என்றேன்.

"நீயே ஏற்பாடு செஞ்சுக்கோம்மா. நம்மள நம்பிக் கணக்குக் குடுத்தவங்க விவரம் வெளிய போயிரக் கூடாது" என்றார்.

ஆபீஸ் ரவுட்டரில் வி.பி.என். போட்டேன். என் லேப்டாப்புக்கும் ஆபீஸுக்கும் நடுவே பூட்டுப் போட்ட ஒரு தனி வழி, அவ்வளவுதான். அதில் நுழைந்தால் ஆபீஸில் இருக்கும் என் கம்ப்யூட்டர் நாங்குநேரியில் அப்பா வீட்டில் என் மடியில் தெரியும். முதல் நாள் தெரியவில்லை. விசாரித்தால், ஆளில்லாத நாற்காலிக்கு எதுக்கு கரண்ட் என்று அண்ணாச்சியே கம்ப்யூட்டரை அணைத்திருக்கிறார். முதலாளி என்றும் பார்க்காமல் போனில் சத்தம் போட்டேன்.

ஆபீஸ் சரியாகிவிட்டது. அப்பாதான் சரிப்படவில்லை.

"ஏட்டி, எனக்காவ வேலைய விட்டுட்டியா?"

இல்லைப்பா, இந்தா பாருங்க என்று திரையைக் காட்டினேன்.

"படத்தக் காட்டி என்னைய ஏமாத்துதியா? வேலைன்னா வேலைக்குல்லா போவணும்."

எழுந்து நடக்க முடியாமல் கட்டிலில் கிடந்தபடியே கஞ்சியைத் தள்ளிவிட்டார். மாத்திரையும் வேண்டாம் என்றார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற மனிதர். நான் கத்தினேன், அழுதேன். அசையவில்லை.

மறுநாள் பையை மாட்டிக்கொண்டு, "போயிட்டு வாரேன்ப்பா" என்று வாசல் வழியாகப் போனேன். புறவாசல் வழியாக வந்து அடுக்களையில் லேப்டாப்பைத் திறந்தேன். விஷயம் தெரிந்த பக்கத்து வீட்டு அத்தை கஞ்சி கொடுத்தாள். குடித்தார். மாத்திரையும் போட்டார். அதன்பின் தினமும் இப்படித்தான். அவர் முனகுவது எனக்குக் கேட்கும். பல்லைக் கடித்துக்கொண்டு கணக்குப் பார்ப்பேன்.

ஒருநாள் மத்தியானம் அத்தையின் குரல் எனக்குக் கேட்கவேண்டும் என்றே உயர்ந்தது. "அண்ணே, மூச்சு ஒரு மாதிரி இழுக்கே. மகளக் கூப்பிடட்டா?"

"வேண்டாம். வேலை நேரத்துல கூப்பிட்டா பிள்ளைக்குப் பேரு கெட்டுரும். சாயங்காலம் வந்துருவா."

போட்டது போட்டபடி ஓடினேன். கையைப் பிடித்ததும் கண்ணைத் திறந்து பார்த்தார்.

"அதுக்குள்ளயா பஸ் வந்துட்டு?" என்றார்.

"ஆமாப்பா" என்றேன்.

அதுதான் அவர் கடைசியாகப் பேசியது. இத்தனை நாளும் சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருந்தேன்ப்பா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.