அக்கா பெயரில் வந்த புயல்

எனக்கு எழுபத்து நாலு வயது. பெற்று வளர்த்து ஆளாக்கியது நாலு பேரை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், அதனால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி கயல் எழுதுகிறாள். பிளோரிடாவில் மூத்தவன் வீட்டுக்கு வந்து ஐந்து வருஷமாகிறது. இந்த ஆவணியில் ஒரு நாள் காலை, டிவியில் பக்கத்து வீட்டு அமெரிக்க அம்மாளின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். கடல் படத்தில் சிவப்பாக ஒரு சுழி, அதன் மேல் அவர் பெயர். தனியாக இருக்கிற மனுஷிக்கு என்ன ஆயிற்றோ என்று பதறிப்போனேன். வருகிற புயலுக்கு அந்தப் பெயர் என்று கயல் சிரித்தாள். அந்த அம்மாள் என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மூத்தவர் பெயரைச் சொல்லிப் பழக்கமில்லை, இங்கும் எழுதச் சொல்லவில்லை.

ஒரத்தநாட்டுப் பக்கம் எங்கள் காலத்துப் புயல்களுக்குப் பெயர் கிடையாது. மூத்தவன் வயிற்றில் இருந்தபோது அடித்தது, மாட்டுக் கொட்டகையைத் தூக்கிக்கொண்டு போனது என்று, நாங்கள் பட்டதைச் சொல்லித்தான் அடையாளம் வைத்தோம். இங்கே வருஷத்துக்கு ஒன்றாக ஆறு பட்டியல் முன்கூட்டியே போட்டு வைத்திருக்கிறார்கள். ஆண் பெயர் ஒன்று, பெண் பெயர் ஒன்று, மாறி மாறி. ஆறு பட்டியலும் முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. பேரழிவு செய்த புயலின் பெயரை மட்டும் எடுத்துவிடுவார்களாம். நம் பக்கத்துக் கடலுக்கோ சுற்றியுள்ள நாடுகள் பெயர் கொடுக்கின்றன, ஒரு முறை வைத்தது திரும்ப வராது. பிள்ளை பிறக்குமுன் பேர் யோசித்தாலே எங்கள் வீட்டில் திட்டு விழும். இன்னும் பிறக்காத காற்றுக்கு, ஒன்றோடொன்று முகம் கொடுக்காத நாடுகள்கூட உட்கார்ந்து பேசிப் பெயர் வைத்திருக்கின்றன என்று கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

மறுநாள் கரையோர வீடுகளைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். மகன் காரில் சாமான் ஏற்றினான். அக்கா வாசலில் நாற்காலி போட்டுக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். கிளம்பவில்லையா என்று கயல் கேட்டாள். அவர் சொன்ன பதிலை எனக்குத் தமிழில் சொன்னாள்: "என் பேர வச்சுக்கிட்டு வர்றவ என்னை என்ன செஞ்சிடப் போறான்னு கேக்குறாங்க, ஆத்தா."

ஊரில் கஜா புயல் வந்த அன்றும் இதே பேச்சுதான். இலங்கை கொடுத்த பெயர், யானை என்று அர்த்தம் என்று பேப்பரில் பார்த்துவிட்டு வந்தார் என் வீட்டுக்காரர். பட்டுக்கோட்டைச் சாலையில் எங்கள் தென்னந்தோப்பு, கன்றிலிருந்து நான் குடம் சுமந்து வளர்த்தது. தோப்பு மோட்டார் கொட்டகைக்குப் படுக்கக் கிளம்பியவரை, எல்லாரும் போல் பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள் என்று மறித்தேன். "யானைன்னா நம்ம பிள்ளையாருடி. தேங்கா உடைச்சிட்டேன், ஒண்ணும் செய்யமாட்டாரு. நீ போ" என்றார். நான் விட்டுவிட்டேன். விடிந்து போய்ப் பார்த்தபோது தோப்பு மொத்தமும் படுத்துக் கிடந்தது. கொட்டகையின் மேல் மூன்று மரங்கள். அந்தப் பெயர் இனி எந்தப் புயலுக்கும் வராது. அவரும் வரமாட்டார்.

அக்காவிடம் போய்க் கையைப் பிடித்தேன். விடைபெற வந்தேன் என்று நினைத்துக் கட்டிக்கொண்டார், எனக்கும் ஒரு காப்பி கொண்டுவர எழுந்தார். நான் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"அக்கா, பேரு வச்சது மனுஷங்க. காத்துக்கு அது தெரியாது. நீங்க வராம நான் வண்டி ஏறமாட்டேன்."

கயல் அதை இங்கிலீஷில் சொன்னாள், அவள் தாத்தா கதையையும் சேர்த்துச் சொன்னாள். மகன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். அக்கா உள்ளே போய் மாத்திரை டப்பாவும் பூனையுமாக வந்தார்.

நாலாம் நாள் திரும்பினோம். அவர் படுக்கையறைச் சுவரில் என் இடுப்பு உயரத்துக்குச் சேற்றுக் கோடு. அந்தக் கோட்டைத் தடவிக்கொண்டே நின்றார். மற்றபடி ஊரில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. அப்படியானால் பெயரை எடுக்கமாட்டார்கள், ஆறு வருஷம் கழித்துத் திரும்ப வரும் என்றாள் கயல். அக்காவுக்கு ஒரே சிரிப்பு. "அப்பவும் நீதான் வந்து இழுக்கணும்" என்றாராம். சரி என்று தலையாட்டினேன்.

ஆறு வருஷத்தில் எனக்கு எண்பது. அதற்குள் ஊருக்குக் கூட்டிப்போய்விடு, என் வீட்டுக்காரரை எரித்த இடத்தில்தான் என்னையும் எரிக்க வேண்டும் என்று மகனிடம் முன்பே சொல்லி வைத்திருக்கிறேன். அது அவருக்கு, தலையாட்டியது அக்காவுக்கு, இரண்டும் நான் கொடுத்த வாக்கு. எந்தக் கரையில் நிற்பேனோ.

கயல், எழுதுனது போதும். மொதல்லேருந்து படி, கேக்குறேன்.