வட்டம் மட்டும் போட்டவர்

ராமசேஷன் சார் போய்விட்டார் என்ற செய்தியை அவர் மகன்தான் என் ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுவந்தான். இரங்கல் நோட்டீஸை இங்கிலீஷில் எழுதி வந்திருந்தான். "அண்ணாச்சி, இதுல தப்பு உண்டான்னு யார்கிட்ட காட்டலாம்?" என்றான். வலியசாலை முழுக்க அதற்கு ஒரே ஆள்தான் இருந்தார். அவரும் அன்று காலை இறந்துபோயிருந்தார்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அவரைப் பெரிய மனிதர் என்று சொல்ல எனக்குத் தகுதி கிடையாது, சொல்லப்போவதும் இல்லை. இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கிற, அவரோடு பழகிய உங்களுக்கே தெரியும். ஓய்வுபெற்ற ஆபீஸ் சூப்பிரண்டு. தினமும் பத்து மணிக்கு என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து, பிரதி எடுக்க வருகிறவர்களின் மனுக்களை வாங்குவார். தப்பைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போடுவார். சரி எது என்று மட்டும் சொல்லவே மாட்டார். "சொன்னா மறந்துடுவான். அலையட்டும்."

ஒரு இங்கிலீஷ் வார்த்தையில் 'எல்' ஒன்றா இரண்டா என்று கேட்டவரிடம், "உனக்கெல்லாம் எதுக்குடா இங்கிலீஷ்?" என்றார். கேட்டவர் கல்லூரி வாத்தியார்.

பொன்முடி எஸ்டேட்டிலிருந்து செல்வி வந்த நாளை நான் மறக்கவில்லை. மகளுக்கு ஹாஸ்டல் இடம் கேட்டு மனு, மகளே எழுதியது. அன்றுதான் கடைசி நாள். சார் பதினொரு வட்டம் போட்டார்.

"எழுதினவளே திருத்திண்டு வரட்டும்."

"அவ மலையில இருக்கா சார். அஞ்சு மணிக்கு ஆபீஸ் அடைச்சிருவாங்க."

"அப்போ அடுத்த வருஷம்."

செல்வி அழவில்லை. தாளை மடித்துப் பைக்குள் வைக்கப் போனாள். நான் பிடுங்கி, பதினொரு வட்டத்தையும் ரப்பரால் அழித்தேன். "இப்படியே கொண்டு குடும்மா. இடம் கேக்குதுன்னு ஆபீஸ்காரனுக்குப் புரிஞ்சா போதும்."

"அவமானம், ஓய்" என்றார் சார்.

"எனக்குத்தானே சார். பழக்கம்தான்."

இடம் கிடைத்தது. சாரிடம் சொன்னேன். "அந்த ஆபீஸ்லயும் இங்கிலீஷ் தெரிஞ்சவா இல்லேன்னு ஆச்சு" என்றார். ஒரு பெண் படிக்கப் போகிறாள் என்பது அவர் காதில் விழவே இல்லை.

ஆனாலும் அவரிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டேன். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, எதிரே நிற்பவனைப் புழுவாக்கும் அந்தப் பார்வை. செல்வி மாதிரி யாரையாவது எந்த மலையாளக் குமாஸ்தாவாவது "இங்கிலீஷ் அறியில்லே?" என்று கேட்டால், கூடப் போய் நின்று அவனை அப்படித்தான் பார்க்கிறேன். பேனாவைத் தேடி எடுத்துக் கையெழுத்துப் போடுகிறான். அதற்கு இங்கிலீஷ் வேண்டியிருக்கவில்லை.