துணைக்குரல்

பெலாரஸ் எல்லைக் காட்டை ஒட்டிய அந்தப் போலந்து ஜன்னல் தொழிற்சாலையில் ஜெனியாவும் வியேசெக்கும் பத்தொன்பது வருஷ வேலை ஜோடி. மூன்றடுக்குக் கண்ணாடியை ஒற்றை ஆள் தூக்க முடியாது. அவன் ஒரு பக்கம், இவள் ஒரு பக்கம்.

வருஷத்துக்கு ஒரு கட்டடத்துக்குக் கம்பெனி இலவசமாக ஜன்னல் போட்டுக் கொடுக்கும். எந்தக் கட்டடத்துக்கு என்பதைத் தொழிலாளிகள் கைதூக்கி முடிவு செய்வார்கள். ஒருவர் ஓர் இடத்தைச் சொன்னால், துணைக்கு இன்னொருவர் எழுந்து நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பேச்சே எடுபடாது.

ஜெனியா மனதில் இருந்தது பழைய பள்ளிக்கூடம். காட்டுவழியே எல்லை தாண்டி வருகிறவர்களை இரண்டு பெண்கள் அங்கே தங்கவைத்திருந்தார்கள். ஜன்னலில் கண்ணாடி கிடையாது, பிளாஸ்டிக் தாள்தான். உள்ளே குழந்தைகள், பனி வர ஒரு மாதம்கூட இல்லை.

போன வருஷம் காளான் பறிக்கப் போனபோது, விறைத்துக் கிடந்த ஒருவனை அங்கே சுமந்து போனதே ஜெனியாவும் வியேசெக்கும்தான். வியேசெக் தன் பூட்ஸைக் கழற்றி அவனுக்கு மாட்டிவிட்டு, வெறும் காலுறையோடு நடந்தான். அதனால் துணைக்கு அவனையே கேட்டாள்.

"இதெல்லாம் கேக்கணுமாக்கா?" என்றான்.

கேன்டீனில் ஜெனியா எழுந்து பள்ளிக்கூடத்தைச் சொன்னாள்.

"ஜன்னல் எதுக்கு? கதவையே தொறந்து விட்டுருவோம்!" என்றான் ஒருத்தன். ஒரே சிரிப்பு.

"உங்கப்பன் ஜெர்மனிக்குத் திருட்டுத்தனமா ஸ்ட்ராபெரி பறிக்கப் போனானே, அவனுக்கு யாருடா கதவு தொறந்தா?" என்றாள் ஜெனியா.

அதற்கும் சிரித்தார்கள்.

"இவங்களுக்குத் துணையா யாரு?" முதலாளி கேட்டார்.

வியேசெக் பீட்ரூட் சூப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். மேசைக்கடியில் காலால் இடித்தாள். அவன் காலை இழுத்துக்கொண்டான்.

அடுத்து எல்லைக்காவலர் குடியிருப்பு என்றார்கள். முதலில் எழுந்தது அவன் கைதான்.

"உங்க முடிவுதான் கம்பெனி முடிவு," என்று முதலாளி காகிதத்தை மடித்தார்.

வாசலில் வியேசெக் ஓடிவந்து மறித்தான். "என் பையன் எல்லைக்காவல்ல சேந்துட்டான்க்கா. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு..."

"சொல்லியிருந்தா பேக்கிங்ல இருக்கிற ஹலினாவைக் கேட்டிருப்பேன். அவ எந்திரிச்சிருப்பா. நீ இருக்கேன்னுதானேடா நான் யாரையும் கேக்கல."

அடுத்த வாரம் குடியிருப்புக்கான முதல் கண்ணாடி வந்தது. இருவரும் தூக்கினார்கள்.

"பேச மாட்டியாக்கா?"

"விளிம்பைப் பிடி."

ஒரு கீறல் விழாமல் சட்டத்தில் இறக்கினார்கள். ஜெனியா கையுறையைக் கழற்றிவிட்டு மேற்பார்வையாளரிடம் போனாள்.

"நாளைலேர்ந்து எனக்கு வேற ஆள் போடுங்க."

"பத்தொன்பது வருஷ ஜோடியாச்சேம்மா?"

"அதனாலதான்."