ஒரே சாயத்தொட்டி, இரண்டு உடம்புகள்

முதல் நாள் நான் அதைச் சாயம் என்றே நினைத்தேன். சலம் (சிறுநீர்) போன இடத்தில் இளஞ்சிவப்பாய் ஒரு நிறம். நெசவு நிலையத்தில் நூலுக்குச் சாயம் போடுகிறவளுக்குச் சிவப்பு புதிதல்ல. நகக்கண்ணில், சீலைக் கரையில், சோற்றுக் கோப்பையின் விளிம்பில்கூட அது ஒட்டியிருக்கும். கையைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

நோவு இல்லை, எரிவு இல்லை. சில கிழமைகள் (வாரங்கள்) நிறமே இல்லாமலும் போனது. சுகம் வந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டேன். இதை வாசிக்கிற யாருக்காவது இப்படி நோவில்லாமல் இரத்தம் போய், பிறகு தானாக நின்றால், தயவுசெய்து நிம்மதியடைய வேண்டாம். வைத்தியரிடம் போங்கள்.

நான் போகாததற்கு வெட்கமும் ஒரு காரணம். அந்த இடத்து வருத்தம் (நோய்) என்றால் ஊர் என்ன கதைக்கும் என்று தெரியும். மகள் மாலதிக்குக் கலியாணம் பேசத் தொடங்கியிருந்த நேரம்.

கடைசியில் இரத்தம் கட்டியாக விழுந்து, சலம் அடைத்து, நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் கணவருக்குத் தெரிந்தது. அவர் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுபவர். சத்தம் போட்டுப் பேசிப் பழகியவர். அன்று சத்தம் வரவில்லை.

"எவ்வளவு நாளா இதை ஒளிச்சு வச்சிருக்கிறீர்?" என்று மட்டும் கேட்டார்.

திருகோணமலை ஆஸ்பத்திரியில் குழாய் போட்டு அடைப்பை எடுத்துவிட்டு, கொழும்புக்குப் போகச் சொன்னார்கள். அங்கே சலவாசல் வழியாக விளக்குக் குழாயை உள்ளே விட்டு, சலப்பையைப் (சிறுநீர் சேரும் பை) பார்த்தார்கள். உள்ளே ஒரு வளர்ச்சி இருந்தது. கடலடிப் பாறையில் முளைக்கும் கடற்செடி மாதிரி என்று வைத்தியர் சொன்னார். அதே குழாய் வழியாகவே அதைச் சுரண்டி எடுத்தார்கள். அது புற்றுநோய்தான், ஆனால் சலப்பையின் தசைக்குள் இன்னும் இறங்கவில்லை என்று பிறகு தெரிந்தது.

அந்த வைத்தியர் யாழ்ப்பாணத்தவர். கட்டிலோரம் கதிரையை இழுத்துப்போட்டு இருந்து கதைப்பார்.

"அம்மா, நீங்கள் சுருட்டுப் பத்துறனீங்களோ?"

"ஐயோ, இல்லை."

"என்ன வேலை செய்யிறீங்கள்?"

"நூலுக்குச் சாயம் போடுறது. கலியாணம் முடிச்ச வருஷத்தில இருந்து."

"தூளை எப்பிடிக் கரைப்பீங்கள்?"

"கையாலதான். தூள் பறக்கும். மூக்கைப் பொத்திக்கொள்ளுவம்."

அவர் என் கையைத் திருப்பிப் பார்த்தார். அந்தச் சிவப்பிலும் கறுப்பிலும் சில சாயங்கள் உடம்புக்குள் போய் உடைந்து, சலப்பையைக் கெடுக்கும் பொருளாக மாறும் என்றார்.

நான் நம்பவில்லை. "அப்பிடியெண்டால் ஜெமீலா ராத்தாவுக்கு ஏன் வரேல்லை?" என்று கேட்டேன்.

ஜெமீலா ராத்தா (அக்கா) கிண்ணியாவிலிருந்து தினமும் துறை கடந்து வேலைக்கு வருபவர். எனக்கு முன்பே அந்தத் தொட்டியடிக்கு வந்தவர். எனக்கு வேலை பழக்கியவரும் அவர்தான். அவருக்கு ஒரு தலையிடிகூட வந்து நான் கண்டதில்லை.

வைத்தியர் கதிரையை இன்னும் கிட்ட இழுத்தார். "முந்தி எப்பவாவது கனகாலம் மருந்துக் குளிசை குடிச்சிருக்கிறீங்களோ?" என்று கேட்டார்.

கணவர் முந்திக்கொண்டார். "இவவுக்குக் கசம் வந்தது, ஐயா. மாலதி சின்னப்பிள்ளையா இருக்கேக்க. அந்தக் குளிசை குடிக்கக் குடிக்கக் கால் ரெண்டும் விறைச்சுப் போச்சு. விற்றமின் குடுத்த பிறகுதான் சரிவந்தது."

வைத்தியரின் முகம் மாறியது. அவர் சொன்னதை என்னால் முடிந்த அளவு இங்கே எழுதுகிறேன்.

நம் ஈரலில் நொதியங்கள் (ஒரு பொருளை இன்னொன்றாக மாற்றும் புரதங்கள்) இருக்கின்றன. அவற்றில் ஒன்று, கசம் என்கிற காசநோய்க்கான அந்தக் குளிசையையும் சாயத்திலிருந்து வரும் நஞ்சையும் பிடித்து, சிறு வாலொன்றை ஒட்டி, சாதுவாக்கி வெளியே அனுப்புகிறது. சிலருக்கு அது சுறுசுறுப்பாக வேலை செய்யும். சிலருக்கு மெதுவாக. மெதுவானவர்களின் உடம்பில் குளிசை நெடுநேரம் தங்கும், கால் விறைக்கும். சாய நஞ்சும் அப்படியே தங்கி, வேறு வழியில் மாறி, சலத்தோடு போய்ச் சலப்பையின் சுவரைத் தொடும். இது பிறக்கும்போதே தாய் தகப்பனிடமிருந்து வருவது.

"இது இன்னும் ஆராய்ச்சியில இருக்கிற விஷயம்," என்றார். "ஆனால் ஒண்டை மறக்க வேண்டாம். மெதுவா இருக்கிறது வருத்தமில்லை. கனபேர் அப்பிடித்தான். பிழை தூளில, உங்களில இல்லை. சுறுசுறுப்பான ஆக்களுக்கும் வரலாம்."

ஒரு குளிசை தந்து, சலத்தைச் சேர்த்துச் சோதனைக்கு அனுப்பினார். அடுத்த முறை போனபோது, நான் மெதுவானவள் என்பது உறுதியாகிவிட்டது. நான் கேட்ட முதல் கேள்வி மகளைப் பற்றியது.

"உங்களிட்ட இருந்து ஒரு பங்கு மெதுவானதாத்தான் அவவுக்கு வந்திருக்கும். மற்றப் பங்கு தகப்பன்ர. சோதிக்காமல் சொல்லேலாது."

என் இடத்துக்கு, அதே தொட்டியடிக்கு, மாலதியை எடுப்பதாக ஏற்கனவே பேச்சு முடிந்திருந்தது. கேட்டு வாங்கியவளும் நானே.

வீடு திரும்பியதும் தொட்டியடி வேண்டாம் என்று சொன்னேன். மாலதி வெடித்தாள்.

"அம்மாட உடம்புதான் எனக்கும் எண்டு ஆர் சொன்னது? ராத்தா நல்லாத்தானே இருக்கிறா? வேலையுமில்லாமல் நான் வீட்டுக்குள்ள இருந்து என்ன செய்யிறது?"

"கொழும்புக்கு வாவன், சோதிச்சுப் பாப்பம்."

"மாட்டன். மெதுவெண்டு தெரிஞ்சால் பிறகு எல்லாத்துக்கும் அதையே சொல்லுவீங்கள்."

அந்தக் கிழமையே ஜெமீலா ராத்தா பேரீச்சம்பழப் பொட்டலத்தோடு வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் என்னைப் போல் ஏதும் ஒளித்துவைத்திருக்கிறாரோ என்று பயந்து கேட்டேன்.

"எனக்கு ஒண்டுமில்ல, பிள்ளை. அதுதான் மனசுக்குக் கரைச்சல். உன்ர வருத்தம் சாயத்தால வந்ததெண்டால் ஜெமீலாவுக்கு ஏன் வரல்லையெண்டு முகாமையாளர் எல்லாருக்கும் சொல்றார். என்ர உடம்பு உனக்கு எதிராச் சாட்சி சொல்லுது."

அவருடைய கையைப் பிடித்தேன். என் கையைப் போலவே அதுவும் சிவந்திருந்தது.

"நீங்க என்ன சொன்னீங்கள் அவருக்கு?"

"ஒரே மழையில ரெண்டு பேர் நனைஞ்சால் ஒருத்திக்குத்தான் காய்ச்சல் வரும். அதுக்காக மழையே பெய்யல்லையெண்டு சொல்லுவீங்களோ எண்டு கேட்டன்." பிறகு குசினி (சமையலறை) வாசலில் நின்ற மாலதியைப் பார்த்தார். "மகள், உன்னைத் தொட்டிக்குக் கிட்ட நான் விடமாட்டன். உம்மா சொல்றதுக்காக இல்ல. நான் இவ்வளவு காலம் தப்பினது என்ர கெட்டித்தனமில்ல. எனக்கே அது ஏனெண்டு தெரியாது."

நான் எவ்வளவோ சொல்லியும் கேளாதவள் அதற்கு மறுபேச்சுப் பேசவில்லை. கோபத்தோடுதான் தறிப் பகுதிக்குப் போனாள். அந்தக் கோபம் ஆற நாட்கள் எடுத்தன. இன்றுவரை சோதித்துப் பார்க்கவில்லை. அது அவள் உடம்பு. நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

ஜெமீலா ராத்தாவால் வேலையை விட முடியவில்லை. வைத்தியர் சொன்னபடி தூளை முதலில் நனைத்தார், இறப்பர் கையுறை கேட்டு வாங்கினார், கை கழுவாமல் சாப்பாட்டைத் தொடவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை சலத்தைச் சோதிக்கக் கொடுக்கிறார். அவர் முடிவைச் சொல்லும்வரை எனக்கும் சாப்பாடு இறங்காது.

எனக்கு அது ஒருமுறை திரும்பி வந்தது. சின்னச் சின்ன முளைகள். சுட்டெடுத்தார்கள். இந்த நோயில் வெட்டுவதைவிடக் காத்திருப்பது கடினம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உள்ளே விளக்கைவிட்டுப் பார்ப்பார்கள். அதற்கு மேல் எதையும் யோசிக்க மனம் துணியாது. மாலதியின் கலியாணத்தைக்கூட இரண்டு சோதனைகளுக்கு நடுவில்தான் வைத்தோம்.

போன முறை வைத்தியர் குழாயை எடுத்துவிட்டு, "சுத்தமா இருக்குது. இனி ஒரு வருஷம் கழிச்சு வாங்கோ," என்றார்.

வெளியே வாங்குப் பலகையில் வந்திருந்து, முகத்தைச் சீலையால் மூடிக்கொண்டேன். சந்தோஷம் என்று கணவர் நினைத்திருப்பார். அது பயம்.

"ஒரு வருஷம் எண்டால்... அவ்வளவு காலத்தை நான் என்ன செய்யிறது?" என்று கேட்டேன்.

கணவர் விரல்களை மடக்கி எண்ணத் தொடங்கினார். "மாங்காய்க் காலம் ஒண்டு வரும்," என்றார். "சல்லிக் கோயிலில அம்மன் பொங்கல் வரும். மாரிமழை வரும், கூரையைப் பாக்க வேணும். மாலதிக்குப் பிள்ளை கிடைக்கும்."

சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றும் தூரத்தில் நின்று என்னைப் பார்ப்பது போலிருந்தது. எனக்குள் ஈரல் தன் பாட்டில் மெதுவாக வேலை செய்துகொண்டிருக்கும். அதை நான் அவசரப்படுத்த முடியாது.

"மெல்லமா சொல்லுங்கோ," என்றேன். "ஒவ்வொண்டாச் சொல்லுங்கோ."