பஸ் நிற்காத பக்கத்து நிழற்குடை

நான் ஓட்டுப் போடுவது ஒரு தொகுதியில், பிழைப்பு நடத்துவது இன்னொரு தொகுதியில். நடுவே இருப்பது ஒரு ரோடுதான். அடையாறில் எங்கள் ரோட்டின் கிழக்குப் பக்கம் வீடு, மேற்குப் பக்கம் என் ஜெராக்ஸ் கடை. தொகுதிகளை மறுபடி வரைந்தபோது யாரோ ஒரு புண்ணியவான் ரோட்டின் நடுக்கோட்டையே எல்லையாக வைத்துவிட்டார். காலையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்தால் எனக்கு எம்.எல்.ஏ. மாறிவிடுவார். கடை வாசலில் சாக்கடை பொங்கினால், நான் ஓட்டுப் போடாத ஒருவருடைய ஆபீஸில் போய் நிற்க வேண்டும். உங்கள் ஓட்டு எங்கே என்பதுதான் அங்கே முதல் கேள்வி. கிழக்கே என்று சொன்னால் உட்காரக்கூடச் சொல்ல மாட்டார்கள்.

என் ஓட்டு இருக்கிற கிழக்குத் தொகுதியின் வரலாற்றை யாராவது எழுத வந்தால் நூலகத்துக்குப் போக வேண்டாம், எங்கள் நடைபாதையில் நடந்தால் போதும். முதலில் ஒருவர் அடிபம்பு போட்டார். தண்ணீர் ஒரு கோடைக்கு வந்தது, அவர் பெயர் இன்னும் இருக்கிறது. அடுத்தவர் ஒரு கட்சியில் ஜெயித்தார், மறு கட்சியில் நின்று ஜெயித்தார், மூன்றாவதில் போய் ஓய்ந்தார். அவர் திறந்துவைத்த உடற்பயிற்சிக் கூடத்தின் சுவரைச் சுரண்டினால் மூன்று கொடியின் நிறமும் வரிசையாக வரும். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒவ்வொரு தடவையும் மாலை போட்டது நாங்கள்தானே.

மூன்றாமவர்தான் நிழற்குடை கட்டியவர். அதைக் கேட்டு வாங்கியது எங்கள் மீன்காரம்மா.

அவர் கடற்கரைக் குப்பத்துக்காரர். கிழக்கில்தான் அவருக்கும் ஓட்டு. காலையில் எங்கள் தெருக்களில் விற்றது போக மிச்ச மீனை சைதாப்பேட்டைக்கு பஸ்ஸில் கொண்டுபோவார். உச்சிவேளைக்கு முன்னால் போய்ச் சேர்ந்தால்தான் அந்த மீன் போணியாகும். பிந்தினால் ஐஸ் கரைந்து, மீன் கண் வெளுத்து, ஒருவரும் கையில் எடுக்க மாட்டார்கள். முழங்கால் தேய்ந்துபோன மனுஷி. சைதாப்பேட்டை பஸ் நிற்பது மேற்கே, என் கடை வாசலில், மொட்டை வெயிலில். வாசலில் நான் இறக்கியிருந்த தகரக் கூரையை ஆக்கிரமிப்பு என்று எப்போதோ பிடுங்கிவிட்டார்கள். ஆகவே, குப்பத்துக்கு வந்த எம்.எல்.ஏ.விடம் அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: பஸ் ஸ்டாப்பில் கொஞ்சம் நிழல்.

எம்.எல்.ஏ. சரி என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார், அதுதான் வினை. தொகுதி நிதியை அவர் தன் தொகுதிக்குள்தான் செலவழிக்க முடியும். பஸ் நிற்கிற பக்கம் அவருடையது இல்லை. ஆகவே எதிர்ப் பக்கத்தில், கிழக்கே கட்டினார். அங்கேயும் பஸ் நிற்கும், மறுக்கவில்லை. ஆனால் அது சைதாப்பேட்டையிலிருந்து திரும்பி வருகிற பஸ். அடுத்த நிறுத்தத்தோடு அதற்குப் பயணம் முடிகிறது. அதிலிருந்து இறங்குவார்களே தவிர அங்கே ஏறுவாரில்லை. வீட்டுக்குப் போகிறவர்கள் எதற்கு நிழற்குடையில் உட்காரப் போகிறார்கள்?

கட்டடத்தில் குறை சொல்ல முடியாது. கிரானைட் பெஞ்சு, எவர்சில்வர் தூண், மேலே அவர் படம், பின்னால் தலைவர்கள் படம், நாலு பக்கமும் அவர் பெயர். மீன்காரம்மா முதலில் அங்கே உட்கார்ந்து, பஸ் தெரிந்ததும் கூடையைத் தூக்கிக்கொண்டு குறுக்கே ஓடிப் பார்த்தார். மீன் கூடையோடு வருகிற பொம்பளைக்காக எந்த டிரைவர் காத்திருப்பார்? இரண்டு தடவை பஸ்ஸை விட்டார், ஒரு தடவை கீழே விழுந்தார். அப்புறம் பழையபடி வெயிலுக்கே வந்துவிட்டார்.

"நெழலு அங்க கீது, பஸ்ஸு இங்க கீது. நடுவுல நான் ஓடிக்கினு கீறேன் அண்ணாச்சி," என்றார்.

தேர்தல் அறிவித்தார்கள். நடத்தை விதி வந்துவிட்டால் பதவியில் இருப்பவரின் பெயரும் படமும் பொது இடத்தில் தெரியக்கூடாது. தேர்தல் ஆபீஸிலிருந்து இரண்டு பேர் காகிதமும் பசையும் கொண்டுவந்தார்கள். எத்தனை ஒட்டினாலும் எங்கேயாவது ஒரு பெயர் எட்டிப் பார்த்தது. கடைசியில் வெள்ளைத் துணி வாங்கிவந்து, சுண்ணாம்பு அடிக்கப்போகிற வீட்டு பீரோ மாதிரி நிழற்குடையை முழுசாகச் சுற்றிக் கட்டிவிட்டுப் போனார்கள். கோடை ஏறுகிற நேரத்தில், இருந்த ஒரு நிழலையும் மூட்டை கட்டியாகிவிட்டது.

மிஞ்சிய துணியை நடைபாதையில் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். நான் அதை எடுத்துவந்து, என் கடை ஷட்டரிலிருந்து விளக்குக் கம்பத்துக்கு இழுத்துக் கட்டினேன். பஸ் நிற்கிற பக்கத்தில் நிழல் விழுந்தது. என் ஸ்டூலில் உட்கார்ந்து, கூடையைக் காலடியில் வைத்துக்கொண்டு, மீன்காரம்மா முதல் தடவையாக ஓடாமல் பஸ் ஏறினார். எனக்கு ஏனோ சட்டசபைக்கே போய்வந்த மாதிரி ஒரு பெருமை.

அந்த வாரமே பறக்கும் படை ஜீப் வந்தது. எந்தக் கட்சி கட்டியது என்று அதிகாரி கேட்டார். எந்தக் கட்சியும் இல்லை என்றேன். துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பெயர் இல்லை, சின்னம் இல்லை. அதுதான் அவருக்கு உறுத்தியது. தேர்தல் நேரத்தில் ஒருவன் பெயர் போடாமல் நிழல் கொடுப்பானா? என் ஓட்டு எதிர்ப் பக்கம் என்று தெரிந்ததும் சந்தேகம் முற்றிவிட்டது. வீடியோ எடுத்துக்கொண்டு, துணியை அவிழ்த்து ஜீப்பில் போட்டார். எனக்கு வந்த கோபத்தில் நாலு பேர் கூடும்படி கத்தினேன். ரிசல்ட்டுக்கு அப்புறம் கட்டிக்கொள்ளுங்கள் என்றார் நிதானமாக. அதற்குள் கத்திரி வெயில் வந்துவிடும் என்றேன். அது தன் வரம்பில் வராது என்றார்.

ஓட்டுக் கேட்டுப் புது வேட்பாளர் ஒருவர் குப்பத்துக்கு வந்தார். மீன்காரம்மா மறுபடியும் அதையே சொன்னார். வேட்பாளர் மீன் கூடையைத் தன் தலையில் வாங்கி வைத்துப் போட்டோவுக்கு நின்றுவிட்டு, ஜெயித்தால் முதல் வேலை இதுதான், மேற்கத்தி எம்.எல்.ஏ.வோடு பேசி பஸ் நிற்கிற இடத்திலேயே நிழல் போட்டுத் தருகிறேன் என்றார். ஓட்டுப் போட்டுவிட்டு மை விரலோடு கடைக்கு வந்த மீன்காரம்மாவுக்கு முகமெல்லாம் நம்பிக்கை.

"இந்த ஆளு செய்வான் அண்ணாச்சி. கூடையத் தூக்கிப் பாத்துக்கீறான்ல."

வேட்பாளர் ஜெயித்தார். வாக்காளர்களுக்கு நன்றி சொல்ல, திறந்த ஜீப்பில் மேளதாளத்தோடு எங்கள் ரோட்டுக்கு வந்தார். மீன்காரம்மா பஸ்ஸுக்காக என் கடை வாசலில் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். எம்.எல்.ஏ. கிழக்கே பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே வந்தார். அங்கே துணி அவிழ்த்த நிழற்குடையில், அதற்குள் அவர் பெயர் எழுதியாகிவிட்டது. உள்ளே ஒரு நாய் படுத்திருந்தது. அதற்கும் ஒரு கும்பிடு கிடைத்தது. மீன்காரம்மா கையை உயர்த்திக் கூப்பிட்டார். சத்தம் கேட்டு அவர் எங்கள் பக்கம் திரும்பினார். ஜீப்பில் பக்கத்தில் இருந்தவர் எம்.எல்.ஏ. தோளைத் தொட்டார். மைக் அணைக்காமல் இருந்ததால் ரோடு முழுக்கக் கேட்டது.

"அண்ணே, அது நம்ம பக்கம் இல்ல. அடுத்த தொகுதி."

அவர் மறுபடி கிழக்கே திரும்பிக்கொண்டார். மீன்காரம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து ரோட்டைக் கடந்து, நடுக்கோட்டைத் தாண்டி, ஜீப்புக்கு முன்னால் போய் நின்றார். இப்போது அவர் வாக்காளர். எம்.எல்.ஏ. முகம் மலர்ந்தது. கீழே குனிந்து, யாரோ எடுத்துக் கொடுத்த ஜரிகைப் பொன்னாடையை அவர் தோளில் போர்த்தினார்.

"பொன்னாட வேணாம் நைனா. பஸ்ஸ வுடச் சொல்லு. மீனு கெட்டுக்கினு கீது."

மேளச் சத்தத்தில் அவருக்கு என்ன கேட்டதோ, நன்றி அம்மா, நன்றி அம்மா என்று கும்பிட்டார். போட்டோ எடுத்தார்கள். ஜீப் நகர்ந்துவிட்டது. ஊர்வலத்துக்காக பஸ்ஸையெல்லாம் வேறு வழியில் திருப்பிவிட்டிருக்கிறார்கள் என்று அதற்கப்புறம்தான் போக்குவரத்துப் போலீஸ்காரர் வந்து சொன்னார்.

மீன்காரம்மா திரும்பி வந்து என் கடை வாசலில் கூடையை இறக்கினார். பொன்னாடையை ஐஸ் கரைந்த தண்ணீரில் முக்கிப் பிழிந்து, மீன் மேல் பதமாகப் போர்த்திவிட்டு, பஸ் வருகிற திசையைப் பார்த்தபடி வெயிலில் நின்றார்.